சீட்டுக் காசில் வாங்கிய புரொஜெக்டர்

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு கடையில் 27,500 ரூபாய்க்கு வாங்கினேன். சீட்டுக் காசு. அம்மாவிடம் இன்னும் விலையைச் சொல்லவில்லை. கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தரம் 10, 11க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இந்தச் சின்ன எல்.இ.டி. புரொஜெக்டர் என்னோடு இரண்டு பாடசாலைத் தவணை ஓடியிருக்கிறது.

பெட்டியில் போட்டிருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். வெளிச்சம் 9000 லூமன் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். திரையில் ஒன்பது இடங்களில் ஒளியை அளந்து சராசரி எடுத்துச் சொல்வதுதான் ஆன்சி லூமன். அந்தச் சொல் பெட்டியில் எங்கேயும் இல்லை. 4கே என்றும் இருக்கிறது. 4கே வீடியோவை வாங்கிக்கொள்ளும், சரி, ஆனால் காட்டுவது 1280க்கு 720 புள்ளிகள்தான். எங்கள் வகுப்பு அரைச் சுவரும் கம்பி வலையும். பகல் வெளிச்சத்தில் படம் நூறு தடவை துவைத்த சீலை மாதிரி வெளுத்துவிட்டது. கடைசியில் ஸ்டோர் ரூமைக் காலி செய்து, ஜன்னலுக்கு உரப்பைகளைத் தைத்து மாட்டி, சுவருக்கு வெள்ளை அடித்தோம். அப்புறம் நன்றாகவே தெரிந்தது.

ஸ்பீக்கரை மறந்துவிடுங்கள். ஜூன், ஜூலை மழையில் தகரக் கூரைக்குக் கீழே நான் கத்துவதே கேட்காது. குளிர்ந்து கிடந்த லென்ஸில் 34 பிள்ளைகளின் மூச்சுப் பட்டால் புகை மூடியது போலாகிவிடும். பத்து நிமிடம் முன்பே போட்டு வைக்க வேண்டும்.

2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடிய பிறகு, சிக்னல் தேடி மேட்டில் ஏறி நின்ற பிள்ளைகளுக்குப் போனில் பாடம் அனுப்பியவள் நான். அதனால் இன்டர்நெட் கேட்கும் எதையும் வகுப்புக்குள் கொண்டுவருவதில்லை. நான் அதிகம் போடுவது ஃபெட் (PhET), விஞ்ஞானப் பரிசோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் மென்பொருள். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இலவசம். ஒருமுறை இறக்கி லப்டொப்பில் வைத்துக்கொண்டால் போதும்.

ஃபெட்டில் மின்சுற்றுப் பாடம். ஒரே மாதிரி இரண்டு பல்புகள், தொடராக, அதாவது ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக. சுவிட்சைப் போடுமுன் கேட்டேன்: எது கூடுதல் வெளிச்சமாக எரியும்? முதல் பல்ப் என்று 21 பேர் கை தூக்கினார்கள். பின்வரிசைப் பையன் ஒருவன் காரணமும் சொன்னான்: "எங்க லயத்துப் பைப்புல மொதக் காம்பராவுல திறந்துட்டா கடைசிக் காம்பராவுக்குத் தண்ணி வராதுதானே டீச்சர்." லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள், காம்பரா அதில் ஒரு வீடு. அவன் வீடு கடைசிக் காம்பரா.

சுவிட்சைப் போட்டதும் இரண்டும் ஒரே அளவில் எரிந்தன. மின்னோட்டத்தைக் காட்டும் நீலப் புள்ளிகள் சுற்று முழுக்க ஒரே வேகத்தில் ஓடின. மின்னோட்டத்தை அளக்கும் அம்பியர்மானியை மூன்று இடத்தில் வைத்தும் ஒரே அளவுதான். குழாய்த் தண்ணீர் முதல் வீட்டு வாளியில் விழுந்து போகிறது, இங்கே எதுவும் வெளியே கொட்டுவதில்லை என்றேன். அவன் நம்பவில்லை. "அது படம்தானே டீச்சர்."

நியாயம்தான். இரண்டு டோர்ச் பல்புகளை பற்றரியில் மாட்டினோம். நிஜ பல்புகள் அல்லவா, முதலாவது கொஞ்சம் கூடவே எரிந்தது! வகுப்பே கூச்சல். பல்புகளை இடம் மாற்றிப் போடச் சொன்னேன். இப்போது கூட எரிந்தது இரண்டாவது. பையன் பல்பைக் கழற்றி இரண்டையும் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தான். "பல்புதான் வேற." இந்த ஒரு பாடவேளைக்கே கொடுத்த காசு தகும். ஆனால் பக்கத்தில் அந்த இரண்டு பல்பும் இல்லாமல் புரொஜெக்டரை மட்டும் வாங்கச் சொல்லமாட்டேன்.

ரிமோட் ஒரே மாதத்தில் செத்துவிட்டது. "ரிமோட்டுக்கு வாரண்டி இல்லை மிஸ்" என்றார் கடைக்காரர், பில்லைக்கூடப் பார்க்காமல். இப்போதெல்லாம் அந்தப் பின்வரிசைப் பையன்தான் மேசைமேல் ஏறிப் பட்டனை அமுக்குகிறான்.