எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின், ஃப்ளூஆக்ஸிடின்: ஒரு வேளை தவறினால் எது தாங்கும்?

தண்டையார்பேட்டை மெடிக்கல் ஷாப் எதிலும் காதில் விழக்கூடிய கேள்வி இது: "அவங்களுக்கு 10 பவர்தான் குடுத்திருக்காங்க, எனக்கு மட்டும் ஏண்ணா 50 பவர்?" பக்கத்து வீட்டுக்காரர் போடுவது எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. கேட்பவர் கையில் இருப்பது செர்ட்ரலின் 50 மி.கி. இரண்டும் ஏறக்குறைய சம வீரியம்தான். ஃப்ளூஆக்ஸிடின் 20 மி.கி.யும் அதே வீரியம். மி.கி. என்பது அந்தந்த மருந்துக்குள் மட்டும் பேசும் கணக்கு. ஒரு மருந்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிட்டால் வீண் பயம்தான் மிஞ்சும்.

மனச்சோர்வுக்கும் பதற்ற நோய்க்கும் முதலில் எழுதப்படுபவை பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. குணப்படுத்தும் திறனில் இவற்றுக்குள் பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது. மாத்திரை விட்டுப்போன நாளில் உடம்பு என்ன செய்கிறது, வீட்டு மாத்திரை டப்பாவில் ஏற்கெனவே என்னென்ன கிடக்கிறது, ஆள் என்ன வேலை பார்க்கிறார் என்பதில்தான் வித்தியாசமெல்லாம். மருத்துவரிடம் பேச வேண்டியதும் இவற்றைத்தான்.

முதல் இரண்டு வாரம்

இதில் மூன்றும் ஒரே ரகம். குமட்டல், தலைவலி, தூக்கக் குளறுபடி, சிலருக்குப் படபடப்பே கொஞ்சம் கூடுவது என்று முதல் 2 வாரம் படுத்தும். பலன் தலைகாட்ட 2 முதல் 4 வாரம், நன்றாகப் பிடிக்க 6 வாரம், பதற்ற நோய்க்கு 12 வாரம்கூட ஆகலாம். தொல்லை முன்னால் வந்து பலன் பின்னால் வருவதால், "மூணு நாள் போட்டேன், இன்னும் மோசமாச்சு" என்று நிறுத்துபவர்கள் ஏராளம். இதனால்தான் பதற்றம் அதிகமுள்ளவருக்கு எஸ்சிட்டலோபிராமை 5 மி.கி.யிலும் செர்ட்ரலினை 25 மி.கி.யிலும் தொடங்கி, ஒரு வாரம் கழித்து ஏற்றுவார்கள்.

செர்ட்ரலின் மற்றவற்றைவிட வயிற்றை இளக்கும். சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குறையும். பகல் முழுக்கக் கழிப்பறை கிடைக்காத வேலை என்றால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஃப்ளூஆக்ஸிடின் தூக்கத்தைக் கலைக்கக்கூடியது. காலையில்தான் போட வேண்டும். எஸ்சிட்டலோபிராமுக்கு நேரம் பெரிய விஷயமில்லை, ஒரே நேரமாக இருந்தால் போதும். ரமலான் நோன்பிருப்பவர் நாளுக்கு ஒரு வேளை மாத்திரையை சஹர் நேரத்துக்கோ இஃப்தாருக்கோ மாற்றிக்கொள்ளலாம். மருந்தை விட வேண்டியதில்லை.

25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடும் வாய்ப்பு உண்டு என்ற எச்சரிக்கையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் சிறாருக்கு அறிவித்து, 2007இல் 24 வயது வரை நீட்டித்தது. மருந்தைத் தவிர்க்கச் சொல்லும் எச்சரிக்கை அல்ல அது. பக்கத்தில் ஆள் இருந்து கவனிக்கச் சொல்வது. உட்கார முடியாத தவிப்பு, 'வாழ்ந்து என்ன' என்ற பேச்சு தெரிந்தால் அடுத்த ஓ.பி. வரை காத்திருக்க வேண்டாம். அன்றே போங்கள். 14416 என்ற டெலி மனாஸ் மனநல உதவி எண்ணில் இரவிலும் ஆள் பேசுவார்கள். இதற்கு நேர்மாறாக, 2 மணி நேரத் தூக்கம் போதும் என்ற துள்ளலும் கட்டுக்கடங்காத பேச்சும் செலவும் கிளம்பினால், அது குணமானதன் அடையாளமல்ல. இருமுனைக் கோளாறு வெளிப்படுகிறது என்று சந்தேகப்பட்டு, அதையும் அன்றே காட்ட வேண்டும்.

மாத்திரை தவறும் நாள்

காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர் 10, 15 நாள் கரை திரும்பாமல் இருப்பார். மணலி, எண்ணூர் பக்கம் ஷிப்டு வேலை என்றால் இந்த வாரம் பகல், அடுத்த வாரம் இரவு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. கடையும் இல்லை, பஸ்ஸும் இல்லை. ஒரு வேளையும் தவறாமல் போடுவார் என்று நம்பி மருந்து எழுதுவது இந்தப் பக்கத்துக்குச் சரிப்பட்டு வராது.

எஸ்சிட்டலோபிராமும் செர்ட்ரலினும் உடம்பில் பாதியாகக் குறைய ஒரு நாளுக்குச் சற்று மேல் ஆகும். ஒரு வேளை தவறினால் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது. 2, 3 நாள் தொடர்ந்து விட்டால் தலைசுற்றல், எரிச்சல், கெட்ட கனவு, தலைக்குள் 'சுரீர்' என்று கரண்ட் அடிப்பது போன்ற உணர்வு வரும். கண்ணைச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பினால் அந்த சுரீர் கூடும். வேறு மனச்சோர்வு மருந்துகளான பராக்ஸெட்டினும் வென்லாஃபாக்சினும் இதில் இன்னும் மோசம், ஒரே நாளில் காட்டிவிடும். அடிக்கடி மறக்கிற ஆளுக்கு அந்த இரண்டும் கடைசித் தெரிவாக இருக்கட்டும் என்பது எங்கள் கருத்து.

ஃப்ளூஆக்ஸிடின் வேறு சாதி. தொடர்ந்து போட்டு வந்தவர் உடம்பில் அது பாதியாகவே 4 முதல் 6 நாள் ஆகும். அது சிதைந்து உருவாகும் பொருள் இன்னும் நீண்ட நாள் தங்கும். இரண்டு நாள் விட்டுப்போனாலும் தாங்கிக்கொள்ளும். கடலுக்குப் போகிறவர், ஷிப்டு மாறுகிறவர், மறதிக்காரர் விஷயத்தில் இதைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது நியாயம். ஆனால் மெதுவாகப் போகிற விருந்தாளி தொல்லையும் மெதுவாகத்தான் தரும்: ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தினாலும் சில வாரம் உடம்பிலேயே இருக்கும். வேறு சில மருந்துகளைத் தொடங்க 5 வாரம் வரை காத்திருக்க நேரும். ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் போடுபவருக்கு அதன் அளவை ரத்தத்தில் ஏற்றி நாடித்துடிப்பை இறக்கிவிடும்.

மூன்றுக்கும் பொது விதி ஒன்று. அன்றே நினைவு வந்தால் போடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தால் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடுவது கூடாது. படகில் எடுத்துப் போவதாக இருந்தால் ஸ்ட்ரிப்பைப் பிரிக்காமல், இறுக்க மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, பயண நாளைவிட 5 நாள் கூடுதலாக எண்ணி வையுங்கள்.

டப்பாவில் வேறு என்ன இருக்கிறது?

பலர் கோட்டை விடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மூட்டை தூக்குகிற உடம்புக்கு டைக்ளோஃபெனாக்கும் அசிக்ளோஃபெனாக்கும் அன்றாடம். இந்த மூன்று மனநல மருந்துகளும் ரத்தத்தை உறைய வைக்கும் ரத்தத்தட்டுகளின் ஒட்டும் திறனைக் குறைப்பவை. வலி மாத்திரை சேர்ந்தால் இரைப்பையில் ரத்தம் கசியலாம். மலம் தார் போலக் கறுத்தால் அதுதான் அடையாளம். சாதாரண வலிக்குப் பாராசிட்டமால் போதும். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் நிறுத்த முடியாதவர்களுக்கு வயிற்றைக் காக்க ஒரு மாத்திரை சேர்த்து எழுதுவார்கள். அது ஒமிப்ரசோலாக இருந்தால் எஸ்சிட்டலோபிராமின் அளவு உடம்பில் ஏறும்; பான்டோப்ரசோல் அந்த வம்பு செய்வது குறைவு.

வீட்டுப் பெரியவர்களின் பி.பி. மாத்திரைப் பெயருக்குப் பின்னால் 'எச்' என்று ஒட்டியிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு, அதாவது நீர் பிரிய வைக்கும் மருந்து கலந்திருக்கிறது என்று அர்த்தம். அதோடு இந்த மூன்றில் எது சேர்ந்தாலும் ரத்தத்தில் சோடியம் இறங்கலாம். தள்ளாட்டம், குழப்பம், கீழே விழுவது என்று வரும். வீட்டில் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுவார்கள். தொடங்கிய 2 முதல் 4 வாரத்துக்குள் ஒரு சோடியம் பரிசோதனை போதும். எஸ்சிட்டலோபிராம் இதயத் துடிப்பின் மின் இடைவெளியையும் நீட்டக்கூடியது என்பதால் முதியவர்களுக்கு 10 மி.கி.க்கு மேல் போகாமல் பார்ப்பார்கள். மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர் என்றால் செர்ட்ரலின் பக்கம் சாய்வது அதனால்தான்.

காசநோய் சிகிச்சையில் இருப்பவர் இரண்டு சீட்டையும் ஒரே மேஜையில் வைக்காமல் இருக்கவே கூடாது. காசநோய்க்கு ஓட்டேரியில் ஒரு சீட்டு, மனசுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு என்று இருந்தால் இரு மருத்துவருக்கும் மற்றவர் எழுதியது தெரியாது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் செர்ட்ரலினின் அளவைக் குறைத்துவிடும். மருந்து வேலை செய்யவில்லை என்று தோன்றும். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரும் லினசோலிட் இந்த மூன்றோடும் சேர்ந்தால், இவை கூட்டும் செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் அளவுக்கு மீறி எகிறி நடுக்கம், வியர்வை, காய்ச்சல், கைகால் துடிப்பு, மனக்குழப்பம் வரும். அது அவசரச் சிகிச்சைக்குரிய நிலை. அந்தக் கூட்டுச் சிகிச்சையில் வரும் பெடாகுயிலினும் மாக்ஸிஃப்ளாக்சசினும் எஸ்சிட்டலோபிராமைப் போலவே துடிப்பு இடைவெளியை நீட்டுபவை. ஃப்ளூஆக்ஸிடினை முன்னாடி நிறுத்தியிருந்தாலும் அது வாரக்கணக்கில் உள்ளே இருப்பதால் இங்கே அதன் நீண்ட ஆயுளே எதிராகிவிடும்.

ட்ராமடால் வலி மாத்திரையும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் உள்ள இருமல் டானிக்கும் அதே செரட்டோனின் வரிசைதான். யாரும் வெளியே சொல்லாத ஒன்றும் இருக்கிறது. இந்த மூன்றும் தாம்பத்தியத்தில் ஆர்வத்தையும் உச்சத்தையும் மந்தமாக்கும். வெட்கப்பட்டு மருத்துவரிடம் சொல்லாமல் கடையில் 'அதுக்கு' ஒரு மாத்திரை கேட்டு வாங்குகிறார்கள். அப்படிப்பட்ட கூட்டு மாத்திரைகள் சிலவற்றில் டபாக்ஸிடின் இருக்கிறது. அதுவும் இதே குடும்பத்து மருந்து. சொல்லியிருந்தால் அளவைக் குறைத்தோ, வேறு ரக மனச்சோர்வு மருந்தான மிர்டாசபினுக்கு மாற்றியோ சரி செய்திருப்பார்கள்.

தூக்கம் கெட்டவருக்கு: மூன்று வழி

மிர்டாசபின் இரவில் 7.5 அல்லது 15 மி.கி. தூக்கமும் பசியும் வரும், எடையும் ஏறும். இளைத்துப்போன முதியவருக்கு அது லாபம், சர்க்கரை உள்ளவருக்கு நஷ்டம். அமிட்ரிப்டிலின் மலிவு, பழையது. தலைவலிக்கும் நரம்பு வலிக்கும் 10 மி.கி. எழுதப்படுவதால் பலர் அது மனச்சோர்வு மருந்து என்று தெரியாமலே போடுகிறார்கள். வாய் வறளும், மலம் கட்டும், புராஸ்டேட் உள்ளவருக்குச் சிறுநீர் அடைக்கும், கண் அழுத்த நோய்க்கு ஆகாது. அளவு மீறினால் இதயத்தைத் தாக்குவது இதுதான். தற்கொலை எண்ணம் உள்ளவர் இருக்கும் வீட்டில் இந்த ஸ்ட்ரிப் அவர் கைக்கு எட்டக் கூடாது; குடும்பத்தில் ஒருவர் பூட்டி வைத்து அன்றன்றைக்கு எடுத்துத் தர வேண்டும்.

மூன்றாவது, எஸ்சிட்டலோபிராம் 10, குளோனசெபாம் 0.5 சேர்ந்த கூட்டு மாத்திரை. முதல் நாளே நிம்மதியாகத் தூங்க வைப்பதால் நல்ல பெயர் வாங்கிவிடும். எங்களுக்கு இதில் உடன்பாடில்லை. குளோனசெபாம் தேவைப்பட்டால் 2 முதல் 4 வாரம், அதற்குமேல் உடம்பு பழகிவிடும். கூட்டில் இருந்தால் அதை மட்டும் தனியே குறைக்க வழியில்லை. 'பவரை ஏத்து' என்று இரண்டாகப் போட்டால் தூக்க மருந்தும் இரட்டிப்பாகும். தீர்ந்துபோனால் இரண்டும் ஒரே நாளில் நிற்கும். குளோனசெபாம் திடீரென நின்றால் வலிப்புகூட வரலாம். தனித்தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். குளோனசெபாம் குடியோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரியோடு இரவெல்லாம் வரிசையில் நிற்கும் ஓட்டுநருக்குத் தூக்கம் தரும் இந்த மூன்று வழியும் ஆகாது.

கர்ப்பிணிகள் தானாக நிறுத்தக் கூடாது, பராக்ஸெட்டின் மட்டும் கூடியவரை வேண்டாம். பால் கொடுப்பவருக்குச் செர்ட்ரலின் நல்லது. பாலில் கலப்பது மிகக் குறைவு. ஃப்ளூஆக்ஸிடின் கூடுதலாகக் கலக்கும்.

எங்கே வாங்குவது

ஸ்டான்லியிலோ கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலோ தரும் மாத்திரையும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்தில் கிடைப்பதும், தனியார் கடை பிராண்டும் மருந்துப் பெயர் ஒன்றாக இருந்தால் ஒன்றே. குழப்பம் எங்கே வருகிறதென்றால், அரசு ஸ்ட்ரிப்பில் மருந்துப் பெயர் பெரிதாகவும், தனியார் ஸ்ட்ரிப்பில் பிராண்டுக்குக் கீழே பொடி எழுத்திலும் இருக்கும். இரண்டும் வேறு வேறு என்று நினைத்துக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று போடுகிறவர்கள் உண்டு. கடையில் 4 மாத்திரை கத்தரித்துக் கொடுத்தால் பெயரும் காலாவதித் தேதியும் மீதித் துண்டோடு போய்விடும். தேதி உள்ள பக்கத்தை போன் கேமராவில் எடுத்துக்கொண்டு வாங்குங்கள்.

நிறுத்துவது

நன்றாகத் தேறிய பிறகும் 6 முதல் 9 மாதம் தொடர வேண்டும். திரும்பத் திரும்ப வந்திருந்தால் 2 வருஷமோ அதற்கு மேலோ. எஸ்சிட்டலோபிராம் 10 என்றால் மருத்துவர் சொல்படி 5, பிறகு 2.5 என்று ஒவ்வொரு படியிலும் 2 முதல் 4 வாரம் நின்று இறங்குவது வழக்கம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடும் குறுக்கு வழி எஸ்சிட்டலோபிராமுக்கும் செர்ட்ரலினுக்கும் உதவாது. 48 மணி நேரத்தில் மருந்து மூன்றில் ஒரு பங்காக இறங்கி, ரத்தத்தில் அளவு ஏறி இறங்கி ஆடும். ஃப்ளூஆக்ஸிடின் கேப்ஸ்யூலைப் பிளக்க முடியாது, ஆனால் அதற்கு அந்தக் குறுக்கு வழி ஓரளவு செல்லும்.

நிறுத்தியதும் வருவது விலகல் தொல்லையா, பழைய நோயா? சில நாளிலேயே வந்து, முன்பு இல்லாத சுரீரும் சுற்றலும் இருந்து, மாத்திரை போட்டதும் ஓரிரு நாளில் அடங்கினால் விலகல். வாரக்கணக்கில் மெல்ல மெல்ல பழைய பாரம் ஏறினால் நோய்.

படகுக்காரருக்கு மருந்தைக் குறைக்கத் தோதான காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்: ஆள் கரையில் இருப்பார், ஓ.பி.க்கும் வர முடியும். ஆனால் கையில் காசில்லாமல் மனசு கனக்கிற மாதங்களும் சிலருக்கு அவையேதான். அவர்கள், படகு மறுபடி கடலில் இறங்கி, முதல் இரண்டு பயணப் பங்கு கைக்கு வந்த பிறகு குறைக்கத் தொடங்கட்டும்.