வாஷர் குழாயா, கால் சுற்றுக் குழாயா? உப்புத் தண்ணீர் வீட்டில் நாமே செய்யும் பழுதுவேலை

எங்கள் வீடு கோவையில் இருக்கிறது. இந்த ஊரின் பல வீடுகளைப் போல இங்கேயும் இரண்டு லைன்: சமையலறைக்குச் சிறுவாணியிலிருந்து வரும் நல்ல தண்ணீர், குளியலறைக்கும் தோட்டத்துக்கும் போர் போட்டு எடுக்கும் உப்புத் தண்ணீர். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய கால் சுற்றுக் குழாய்களை இரண்டு லைனிலும் மாட்டினோம். சமையலறைக் குழாய் இன்றும் ஒற்றை விரலுக்குத் திரும்புகிறது. குளியலறைக் குழாய் மூன்றாம் வருஷம் இறுகியது, அப்புறம் சொட்ட ஆரம்பித்தது. அதனால் எந்தக் குழாய் நல்லது என்று யார் கேட்டாலும், உங்கள் வீட்டில் என்ன தண்ணீர் என்றுதான் முதலில் கேட்பேன்.

பழைய வகைக் குழாயில் தண்ணீரை நிறுத்துவது ஒரு ரப்பர் வாஷர். திருகத் திருக அது கீழே இறங்கி, பித்தளை இருக்கையில் அழுந்தி அடைக்கும். கால் சுற்று வகையில் இரண்டு பீங்கான் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகரும். ஓட்டைகள் நேருக்கு நேர் வந்தால் தண்ணீர் வரும், 90 டிகிரி திருப்பினால் நின்றுவிடும். பீங்கான் லேசில் தேயாது. ஆனால் அந்தத் தட்டுகளுக்கு நடுவே போர் மணல் ஒரு துகள் மாட்டினாலும் கீறல் விழும். சுண்ணாம்புப் படிவம் ஏறினால் பிடிப்பு இறுகும். இறுகியதை வேகமாகத் திருப்பும்போது உள்ளே இருக்கும் தண்டு முறியும்.

வாஷர் தேய்ந்தால் சில ரூபாயில் புது வாஷர், பத்து நிமிஷ வேலை. வால்வை மூடிவிட்டு, குழாயின் தலையை ஸ்பேனரால் கழற்றி, பழையதை எடுத்துப் புதியதைப் போட்டால் சரி. மாற்றிய பிறகும் ஒரு மாதத்தில் மறுபடி சொட்டினால் வாஷரைக் குறை சொல்லாதீர்கள். விரலை உள்ளே விட்டு இருக்கையின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். அரிப்பு தட்டுப்பட்டால் குழாயையே மாற்ற வேண்டியதுதான். கால் சுற்றில் அந்தப் பீங்கான் தட்டுகள் அடங்கிய கார்ட்ரிட்ஜை முழுசாக மாற்ற வேண்டும். அது கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும். உயரம், மரை, தலையில் உள்ள பற்களின் எண்ணிக்கை எதில் வித்தியாசம் இருந்தாலும் பொருந்தாது. பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். போட்டோ போதாது. அதற்கு முன்னால் ஒன்று செய்து பார்க்கலாம்: கார்ட்ரிட்ஜை ஒரு இரவு வினிகரில் ஊறப் போடுங்கள். இறுக்கத்துக்குச் சுண்ணாம்பு மட்டும் காரணமாக இருந்தால் இளகிவிடும். கீறல் விழுந்திருந்தால் வினிகர் எதுவும் செய்யாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 1 பார் அழுத்தம்தான். தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மாடிக் குளியலறையில் 2 மீட்டர் உயரம் கிடைத்தால் 0.2 பார். இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் குறுகலான கார்ட்ரிட்ஜ் உள்ள குழாயில் வாளி நிரம்ப நேரமாகும். வாய் அகன்ற வாஷர் குழாயில் சட்டென நிரம்பும். ஆகவே உப்புத் தண்ணீர் லைனில் வாளி வைக்கும் இடத்துக்கு நான் பித்தளை வாஷர் குழாயைத்தான் சொல்வேன். சமையலறைக்கும் வாஷ்பேசினுக்கும், நல்ல தண்ணீராக இருந்தால், கால் சுற்று. மாவுக் கையோடு முழங்கையால் தட்டித் திறக்கும் வசதி அம்மாவுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதைத் தினமும் பார்க்கிறேன். தோட்டத்துக்குப் பிளாஸ்டிக் குழாய் போதும். உப்பு அதை அரிக்காது, திருடும் போகாது. மரையை மட்டும் அளவுக்கு மீறி இறுக்கக் கூடாது.

சொட்டுவதை அலட்சியமாக விடாதீர்கள். வினாடிக்கு ஒரு சொட்டு, சொட்டுக்குக் கால் மில்லி என்று வைத்தாலே ஒரு நாளில் 21 லிட்டருக்கு மேல் போகும். சந்தேகமாக இருந்தால் இரவில் அடியில் ஒரு வாளியை வைத்துப் பாருங்கள்.

வால்வுக்கு வருவோம். உள்ளே ஒரு கதவு இறங்கி அடைக்கும் கேட் வால்வா, ஓட்டை போட்ட உருண்டை திரும்பி அடைக்கும் பால் வால்வா? வீட்டு லைனுக்குப் பால் வால்வு. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. கைப்பிடி பைப்போடு நேராக நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. ராத்திரி பைப் உடைந்து தண்ணீர் பீறிடும்போது வீட்டில் யார் வேண்டுமானாலும் ஓடிப் போய் மூடலாம். கேட் வால்வில் சக்கரத்தைப் பல சுற்றுச் சுற்ற வேண்டும். அடியில் வண்டல் சேர்ந்துவிட்டால் முழுசாக மூடாது. வருஷக்கணக்கில் தொடாமல் விட்டதை ஒரு நாள் பலமாகத் திருகினால் சக்கரம் சுற்றும், உள்ளே கதவு அசையாது. பால் வால்வுக்கும் ஒரு குணம் உண்டு: உப்புத் தண்ணீரில் அசையாமல் கிடந்தால் அதுவும் கெட்டிப்படும். மாதம் ஒரு முறை மூடித் திறந்தால் போதும். கடையில் கேட்கும்போது "லைனுக்கு" என்று சேர்த்துச் சொல்லுங்கள். வெறுமனே பால் வால்வு என்றால் சிலர் தொட்டி மிதவையை எடுத்து வைத்துவிடுவார்கள்.

வாங்கும்போது யூனியன் (மரையில் கழலும் இணைப்பு) வைத்த வால்வாகப் பாருங்கள், விலை கொஞ்சம் கூடுதல். பசை போட்டு ஒட்டிய வால்வு கெட்டால் பைப்பை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். யூனியன் இருந்தால் கையால் கழற்றி மாட்டலாம். நாமே செய்யக்கூடிய வேலை எது, பிளம்பரைக் கூப்பிட வேண்டியது எது என்று நான் கோடு போடுவதும் இங்கேதான்: மரையில் கழலுவது நம் வேலை, ஒட்டியதும் சுவருக்குள் போனதும் பிளம்பர் வேலை. கீசர் லைனில் கை வைப்பதாக இருந்தால் முதலில் மின்சார மெயினை அணையுங்கள். அதன் சேஃப்டி வால்வு சொட்டுகிறது என்று ஒருபோதும் அடைக்காதீர்கள்.

மரைக்கு டெஃப்லான் டேப்பா, சணலா என்றால், முதல் தடவை செய்பவருக்கு டேப். மரையின் நுனியை உங்கள் முகத்துக்கு நேராகப் பிடித்து, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுங்கள். எதிர்த் திசையில் சுற்றினால் மாட்டும்போதே பிரிந்து வந்துவிடும்.

இனி அடைப்பு. பணமும் உடம்பும் அதிகம் வீணாவது இதில்தான். சிங்க் அடைத்ததும் பலர் வீட்டில் முதலில் கை போவது ஆசிட் பாட்டிலுக்கு. ஆனால் சமையலறை அடைப்பு என்பது எண்ணெயும் கஞ்சியும் சோற்றுப் பருக்கையும் சேர்ந்த கட்டி. ஆசிட் சுண்ணாம்பைக் கரைக்கும், சிமென்டை அரிக்கும், எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்காது. டைல்ஸ் இடுக்கும் குழாயின் பளபளப்பும் போவதுதான் மிச்சம். காஸ்டிக் சோடா சேர்ந்த அடைப்பு நீக்கும் தூள் கொழுப்பைச் சோப்பாக மாற்றும், முடியையும் கரைக்கும், அந்த வகையில் ஆசிட்டைவிட வேலைக்கு ஆகும். ஆனால் தண்ணீர் பட்டதும் கொதிக்கும் அளவுக்குச் சூடேறும், அளவு மிஞ்சினால் பிளாஸ்டிக் பைப் இளகும். அடைப்பு விலகாமல் அந்தக் கரைசல் பைப்பில் தேங்கி நின்றால், அடுத்துத் திறப்பவரின் கையும் கண்ணும் வெந்துபோகும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போடவே கூடாது. கிளம்புவது குளோரின் வாயு. கதவடைத்த குளியலறையில் அது உயிரை எடுக்கும்.

ஆசிட், தூள் இரண்டுக்கும் முன்னால் ரப்பர் பம்பைப் போட்டுப் பாருங்கள். சிங்க்கில் நாலு விரல் தண்ணீர் நிற்கட்டும். வாஷ்பேசினாக இருந்தால் மேலே இருக்கும் வழிவு ஓட்டையை ஈரத் துணியால் அடைத்துவிட்டு அழுத்துங்கள், இல்லாவிட்டால் காற்று அந்த வழியாகவே போய்விடும். அதற்கும் அசையவில்லையா? அடியில் வாளியை வைத்து, பேசினுக்குக் கீழே இருக்கும் கிண்ணம் போன்ற பாட்டில் டிராப்பைக் கையால் கழற்றுங்கள். முடியும் பேஸ்ட்டும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சிங்க்குக்கு அடியில் நெளிநெளியான வேஸ்ட் பைப் இருந்தால் அதைக் கழுவிக்கொண்டு நேரத்தை வீணாக்காமல் புதியது வாங்கிப் போடுங்கள். அந்த நெளிவுகளில் பிசுக்கு மறுபடி மறுபடி தங்கும். ஸ்பிரிங் கம்பி அடுத்த கட்டம், டிராப்பைத் தாண்டிய அடைப்புக்கு. குத்தாமல், சுற்றிச் சுற்றி உள்ளே விட வேண்டும்.

சிங்க்கிலும் குளியலறையிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் எதிர்த்து வந்தால் அடைப்பு பெரும்பாலும் வெளிச் சேம்பரில், அதாவது வீட்டுக் கழிவு பைப்புகள் வந்து சேரும் தொட்டியில், இருக்கிறது. அதற்கு வீட்டில் வைத்தியம் கிடையாது. உறிஞ்சும் குழாய் வைத்த லாரியை வரச் சொல்லுங்கள். கூலி குறைவு என்று யாரையும் உள்ளே இறக்காதீர்கள். கழிவுநீர்க் குழியிலோ செப்டிக் டேங்கிலோ பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. உள்ளே தேங்கி நிற்கும் வாயு, இறங்கியவரையும் அவரைக் காப்பாற்ற இறங்கும் அடுத்தவரையும் சேர்த்தே கொண்டுபோகும்.