கிளாஸ்கோ – மல்லேக் ரயில்: மழை பெய்தாலும் வீணாகாத டிக்கெட்

ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வியோடுதான் வந்து இறங்குகிறார்கள். "ஸ்கை தீவுக்கு எப்படிம்மா போறது?" கையிலிருக்கும் செல்போனில் 'ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டோர்' பாறையின் படம் தயாராக இருக்கும். பச்சைச் சரிவு, மேலே பளிச்சென்று நீல வானம். கிளாஸ்கோவில் குடியிருக்கிற எனக்கு அந்த நீல வானத்தின் மேல்தான் சந்தேகம். நான் திருப்பிக் கேட்பேன்: "மழை பெஞ்சா அங்க என்ன செய்வீங்க?"

ஸ்கை தீவு உட்பட ஸ்காட்லாந்தின் மேற்கு மலைப்பக்கம் போகிறவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது இதைத்தான். அங்கிருக்கிற ஃபோர்ட் வில்லியம் என்ற ஊரில் வருடத்துக்குச் சுமார் 2000 மில்லிமீட்டர் மழை. கிழக்கே எடின்பரோவில் 700-ஐ ஒட்டித்தான். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்கு மலைகளில் மோதி, இருப்பதையெல்லாம் அங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் போகிறது. அடித்து ஓய்கிற மழையும் இல்லை. போன கோடையில் தென்காசியிலிருந்து வந்த என் அத்தை, ரயில் ஜன்னலில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "நம்ம குத்தாலத்துச் சாரல்தாம்ளா இது. என்ன, வெரலுதான் வெறைக்குது" என்றார். இதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது.

அந்த அத்தைக்கு முழங்கால் வலி. மாமாவுக்குக் குளிர் ஆகாது. எங்களிடம் கார் கிடையாது. ஸ்கை தீவில் பார்க்க வேண்டிய இடங்களில் பாதி, ஏறிப் பார்க்க வேண்டியவை. ஸ்டோர், கிராயிங், ஃபேரி பூல்ஸ் எல்லாமே சேற்றிலும் கல்லிலும் நடக்கிற நடைதான். மேகம் இறங்கிவிட்டால் பாறையடியில் நின்றாலும் பாறை தெரியாது. சாலைகளில் பல, ஒரு வண்டி மட்டும் போகிற அகலம். எதிரில் ஆள் வந்தால் ஒதுங்குமிடம் வரை பின்னால் போக வேண்டும். கார் இருந்து, மூன்று நான்கு இரவு தங்கி, நல்ல வெயிலுக்காகக் காத்திருக்க முடிந்தால் ஸ்கை மாதிரி இடமே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். வயசானவர்களை வைத்துக்கொண்டு இரண்டு நாளில் முடிக்க வேண்டுமென்றால் என் ஓட்டு கிளாஸ்கோ குவீன் ஸ்ட்ரீட் ஸ்டேஷனிலிருந்து மேற்குக் கடற்கரையில் இருக்கிற மல்லேக் போகும் சாதாரண ரயிலுக்கு. ஆமாம், ரயில் போய்ச் சேரும் இடத்துக்கு இல்லை, ரயிலுக்குத்தான்.

மல்லேக் வரை ஐந்தேகால் மணி நேரம், ஃபோர்ட் வில்லியம் வரை மூன்றேமுக்கால். பெட்டிகள் பழைய டீசல் பெட்டிகள், பளபளப்பு எதுவும் கிடையாது. ஏறும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பல நேரங்களில் ஓபன் என்கிற ஊருக்குப் போகும் பெட்டிகளும் இதோடு சேர்ந்தே கிளம்பும். கிரையன்லாரிக் ஸ்டேஷனில் ரயில் இரண்டாகப் பிரியும். தப்பான பெட்டியில் இருந்தால் நீங்கள் ஓபனுக்குப் போய்விடுவீர்கள். ஓபனும் நல்ல ஊர்தான், அது வேறு விஷயம்.

இடப்பக்க ஜன்னல் வாங்குங்கள். ஊரைத் தாண்டியதும் கிளைட் ஆற்றின் முகத்துவாரம், பிறகு கேர்லாக் என்கிற கடற்கழியின் கரை. அங்கே பெரிய வேலி போட்ட கடற்படைத் தளம் வரும். பிரிட்டனின் அணு ஆயுத நீர்மூழ்கிகள் நிற்கிற ஃபாஸ்லேன் அதுதான். அத்தை, "இவ்ளோ அழகான எடத்துல இத வேற கொண்டாந்து வச்சிருக்கானுவ" என்று சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. அடுத்து லாக் லாங் என்கிற நீண்ட கடற்கழி ஜன்னலுக்குக் கீழே ஆழத்தில் கிடக்கும். லோமண்ட் ஏரி மட்டும் வலப்பக்கம். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

என்னைக் கேட்டால் முழு டிக்கெட் காசும் ரானக் மூர் ஒன்றுக்கே சரியாகிவிடும். ஆளில்லாத, மரமில்லாத, பழுப்பும் கறுப்புமான சதுப்பு. கண்ணுக்கெட்டிய தூரம் குட்டைகள், ஈரப்பாறைகள். வெயிலில் இது வெறும் பொட்டல். மேகம் தாழ்ந்து, மழை சாய்ந்து வரும்போதுதான் இதற்கு உயிர் வருகிறது. கீழே நிற்பது கெட்டித் தரை இல்லை, பீட் என்கிற மக்கிய கரிச்சேறு. 1890-களில் தண்டவாளம் போட்டபோது போட்ட மண்ணெல்லாம் உள்ளே போய்க்கொண்டே இருந்ததாம். கடைசியில் சுள்ளிக் கட்டுகளையும் மரவேர்களையும் மெத்தை போலப் பரப்பி, அதன் மேல் மண்ணும் சாம்பலும் கொட்டி, அதன் மேல் பாதையை மிதக்க விட்டார்கள். 1894-இல் ஃபோர்ட் வில்லியம் வரை ரயில் ஓடத் தொடங்கியது. அந்த மிதக்கும் பாதையின் மேல்தான் இன்றும் ஓடுகிறது. வேகம் குறைந்து பெட்டி லேசாக மெத்தென்று ஆடுவதை மாமா எனக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டார். வாழ்நாளெல்லாம் பொதுப்பணித் துறையில் ரோடு போட்டவர் அவர். "சதுப்புல எப்பிடி லெவல் எடுத்தானுவ?" என்று ஃபோர்ட் வில்லியம் வரைக்கும் அதே பேச்சு.

நடுவில் கோரூர் என்று ஒரு ஸ்டேஷன். பொதுச்சாலையே கிடையாது, ரயிலில் வரலாம், அல்லது நடந்து வரலாம். பிரிட்டனின் முக்கிய ரயில் பாதைகளில் இவ்வளவு உயரத்தில் வேறு ஸ்டேஷன் இல்லை, 400 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. முதுகில் மூட்டையோடு இரண்டு பேர் இறங்கி அந்த மழைக்குள் நடந்தார்கள். அத்தை அவர்களைப் பார்த்தபடியே புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார். சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது. வண்டியில் விற்பார்கள் என்று நம்பி ஏறாதீர்கள்.

ஃபோர்ட் வில்லியம் ஊர் சுமார்தான். ஒரே ஒரு கடைத்தெரு, அதில் பாதி மலையேறுகிறவர்களுக்கான சட்டையும் ஷூவும் விற்கிற கடைகள். பென் நெவிஸ் பக்கத்திலேயே இருக்கிறது, 1345 மீட்டர், பிரிட்டனிலேயே உயரம். நாங்கள் இருந்தவரை அது தன் காலை மட்டும் காட்டியது. ஒரு ஸ்டேஷன் தள்ளி பனாவியில் கலிடோனியன் கால்வாயில் படகுகளை ஏற்றி இறக்கும் எட்டு மதகுகள் படிப்படியாக இறங்குவதைப் பார்க்கலாம். சமதளம், முழங்கால்காரர்களும் நடக்கலாம். நாங்கள் தங்கிய விடுதியின் பெயர் வேண்டாம். ஜூன் மாதம் என்று ஹீட்டரையே போடவில்லை. நனைந்த ஷூ காலையிலும் நனைந்தே இருந்தது. அறை பிடிக்கும்போது ஈரத்துணி உலர்த்துகிற தனி அறை உண்டா என்று கேட்டுவிடுங்கள். இந்தப் பக்கம் பல விடுதிகளில் உண்டு.

அப்புறம் ஃபோர்ட் வில்லியமிலிருந்து மல்லேக் போகிற அந்த நீராவி ரயில். ஹாரி பாட்டரின் மந்திரப் பள்ளிக்கூடப் படத்தில் பார்த்த அதே பாலம், அதே புகை என்று ஆசைப்பட்டு வருகிறவர்கள் நிறைய. குழந்தைகள் இருந்தால் சரி, மாதங்களுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். மற்றபடி அதே தண்டவாளம், அதே கிளென்ஃபினன் பாலம், சாதாரண ரயிலில் வெகு மலிவு. ஃபோர்ட் வில்லியமில் ரயில் வந்த வழியே திரும்பிக் கிளம்புவதால், இதுவரை இடப்பக்கம் இருந்தவர்கள் இப்போது வலப்பக்கம் ஆகிவிடுவார்கள். எழுந்து எதிர்வரிசைக்கு மாறுங்கள். பாலத்தின் மேல் போகும்போது ஷீல் ஏரி இடப்பக்கம்தான் திறக்கும். 1745-இல் பிரிட்டன் அரியணைக்காகக் கிளர்ந்த இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் கொடி உயர்த்திய இடத்து நினைவுத்தூணும் ஏரிக்கரையில் தெரியும். பாலத்துக்கு 21 வளைவு, உயரம் 30 மீட்டர், உள்ளே ஒரு இரும்புக் கம்பிகூட இல்லாத வெறும் கான்கிரீட். கட்டிய ராபர்ட் மெக்ஆல்பைனுக்கு 'கான்கிரீட் பாப்' என்றே பட்டப்பெயர். "கம்பி இல்லாமயா?" என்று மாமா எழுந்தே நின்றுவிட்டார்.

அரிசெய்க் தாண்டியதும் கடல். மோரார் பக்கம் மணல் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. மல்லேக்கில் துறைமுகம், மீன்பிடிப் படகுகள், ஸ்கைக்குப் போகிற கப்பல், இவ்வளவுதான். அந்தக் கப்பலில் முக்கால் மணி நேரத்தில் ஆர்மடேல் போய்விடலாம். ஸ்கை மண்ணை மிதித்தாயிற்று என்று ஊரில் சொல்ல வேண்டியவர்களுக்கு அது போதும். நாங்கள் சுடச்சுட மீனும் சிப்ஸும் வாங்கி, கடற்காக்காய்களிடமிருந்து காப்பாற்றிச் சாப்பிட்டோம். உப்பும் வினிகரும் மட்டும் போட்டுத் தந்தார்கள். அத்தை கைப்பையிலிருந்து மிளகாய்ப்பொடி டப்பாவை எடுத்தார்.

எப்போது வரலாம் என்றால், மே மாதம். மேற்கில் மழை ஒப்பிட்டுப் பார்த்தால் அப்போது குறைவு, பகலும் நீளம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மிட்ஜ் என்கிற பொடிக்கொசு உண்டு. காற்றில்லாத ஈர மாலையில் கூட்டமாக வந்து மொய்க்கும். காற்றடித்தால் ஒன்றுகூட இருக்காது. அதனால் இங்கே காற்றைத் திட்டாதீர்கள். மழை வேண்டவே வேண்டாம் என்பவர்கள் இந்தப் பக்கமே வராமல் கிழக்கே பிட்லாக்ரிக்குப் போகலாம். அணையை ஒட்டி சால்மன் மீன்கள் ஏறிப்போக அமைத்த நீர்ப்படிகள் இருக்கின்றன. ஊர் அழகு, காய்ந்த ஊர். எனக்கென்னவோ சப்பென்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில்கள் குறைவு. கோடையில் இருக்கையை முன்பதிவு செய்துவிடுங்கள். திரும்பும்போது மல்லேக்கில் வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். பாலமும் ஷீல் ஏரியும் மறுபடி உங்கள் பக்கமே வரும். நேராக கிளாஸ்கோ வரை போகிற வண்டியென்றால், ஃபோர்ட் வில்லியமில் திசை மாறி அதே ஜன்னல் இடப்பக்கம் ஆகும். போகும்போது விட்டுப்போன லோமண்ட் ஏரி, எழுந்திருக்காமலே கிடைத்துவிடும்.