உலகம் சுத்தக் கிளம்புறீங்களா? ஃபுல் ஃபிரேம், ஏபிஎஸ்-சி, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்: எந்த கேமரா பைக்குள்ள போகணும்

ஆறு மாசம், ஒரு வருஷம்னு உலகம் சுத்தக் கிளம்புறவங்க எல்லாரும் எந்த கேமரா பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) வாங்கலாம்னுதான் முதல்ல கேக்குறாங்க, ஆனா முதல்ல பாக்க வேண்டியது பாடி இல்ல, விமானத்துல கூட எடுத்துட்டுப் போற கேபின் பேக்தான். நிறைய ஏர்லைன்ஸ்ல அதுக்கு 7 கிலோதான் லிமிட். ஸ்பேர் லித்தியம் பேட்டரிய செக்-இன் பெட்டில போட விடமாட்டாங்க, கையிலதான் கொண்டு போகணும், கேமராவயும் லென்ஸயும் யாரும் செக்-இன்ல போட மாட்டோம், ஆக எல்லாமே அந்த ஏழு கிலோக்குள்ளதான். அதுல பையோட வெயிட்டே ஒரு கிலோக்கு மேல, லேப்டாப்பும் சார்ஜரும் ஒன்றரை ரெண்டு கிலோ, ஒரு ஜாக்கெட், ஒரு செட் துணி, மருந்து, இதெல்லாம் போக கேமராவுக்குன்னு மிஞ்சுறது ரெண்டு கிலோ சொச்சம்தான். விமானத்த விடுங்க, ஒரு ஊர்ல இறங்கி நாள் முழுக்க தோள்ல தொங்கப்போறதும் அதே வெயிட்தான, மாசக்கணக்கா. அதனால நான் கீழ எதச் சொன்னாலும் பாடியோட வெயிட்ட மட்டும் சொல்லமாட்டேன், லென்ஸோட சேத்து மொத்தமா சொல்றேன், கம்பெனிக்காரங்க விளம்பரத்துல பாடிய மட்டும் காட்டுறதாலதான் நிறைய பேரு தப்பான முடிவு எடுக்குறாங்க.

முதல்ல போன். போன் போதாதான்னு கேட்டா, பகல்ல எடுக்குற ஊர் படத்துக்கும் தெருப் படத்துக்கும் போதும்னே சொல்லுவேன், ராத்திரியில கூட அசையாத கட்டடம்னா பத்து ஃபிரேம ஒண்ணா சேத்து நல்லாவே குடுக்குது. அது தடுமாறுற இடம் ரெண்டு, தூரத்துல இருக்குற விஷயம், அப்புறம் மங்கலான வெளிச்சத்துல அசையுற விஷயம். ஆடுறவங்க, ஓடுற குழந்த, மரத்துல தாவுற குரங்கு, இங்கல்லாம் அந்த ஃபிரேம் சேக்குற வேலை எடுபடாது, பெயிண்ட் அடிச்ச மாதிரி ஆயிடும். இன்னொண்ணு, நீண்ட பயணத்துல போன்தான் மேப்பு, டிக்கெட்டு, பேங்கு எல்லாமே, அதுலயே நாள் முழுக்க வீடியோவும் எடுத்து சாயங்காலம் நாலு பர்சென்ட்ல தெரியாத ஊர்ல நிக்குறது எனக்கு சரியாப் படல. இருக்குற ஒரே போன் தொலஞ்சா படமும் போச்சு, வழியும் போச்சு. தனியா ஒரு கேமரா வேணும்னு நான் சொல்றதுக்கு பாதி காரணம் இதுதான்.

அடுத்தது பாக்கெட் கேமரா. சோனி ஆர்எக்ஸ்100 ஏழாவது மாடல் 302 கிராம்தான், 24ல இருந்து 200 மிமீ வரைக்கும் ஜூம் (மிமீ நம்பர் சின்னதா இருந்தா அகலமா எடுக்கும், பெருசா இருந்தா தூரத்துல இருக்குறத கிட்ட கொண்டு வரும்), பேண்ட் பாக்கெட்ல போயிடும். ஆனா ஒரு இன்ச் சென்சார் (படத்தப் பிடிக்கிற சில்லு)ங்கறாங்களே, அது நெஜத்துல 13.2க்கு 8.8 மிமீதான், வெதர் சீலிங் (மழை, தூசி உள்ள போகாத அடைப்பு) கிடையாது, லென்ஸ் வெளிய நீண்டு உள்ள போற டைப், அந்த இடுக்கு வழியா மணல் உள்ள போச்சுன்னா சர்வீஸ் பண்ணாம தீராது. பாலைவனம், கடற்கரைனு ரூட் வச்சிருக்கவங்களுக்கு இத மட்டும் நம்பிப் போகச் சொல்லமாட்டேன். ரிக்கோ ஜிஆர் 3 இன்னும் சின்னது, 257 கிராம், அதவிடப் பெரிய ஏபிஎஸ்-சி சென்சார், படம் பிரமாதமா இருக்கும், ஆனா 28 மிமீ மட்டும்தான், பேட்டரி ஒரு சார்ஜுக்கு சுமார் 200 படம்னுதான் கம்பெனியே சொல்லுது. ஃபியூஜி எக்ஸ்100-6ம் 35 மிமீக்கு சமமான ஒரே லென்ஸ்தான், 521 கிராம். இப்படி ஒரே ஃபோகல் லென்த்ல (அந்த மிமீ நம்பர்ல) ஊர் சுத்துறது ஒரு தனி ருசி, தெருவயும் மனுஷங்களயும் மட்டுமே எடுக்குறவங்க தாராளமா எடுத்துட்டுப் போலாம். மலை, மிருகம், தூரத்துல இருக்குற கோபுரம் எல்லாம் வேணும்னா இது உங்களுக்கு இல்ல.

இப்ப மெயின் மேட்டர், லென்ஸ் மாத்துற மூணு கூட்டம். ஃபுல் ஃபிரேம் சென்சார் 36க்கு 24 மிமீ, ஏபிஎஸ்-சி சுமாரா 23.5க்கு 15.6, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3க்கு 13. பரப்பளவுல பாத்தா ஃபுல் ஃபிரேம் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ விட கிட்டத்தட்ட நாலு மடங்கு, அதாவது ரெண்டு ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு). ராத்திரி சந்தையில ஒரே மாதிரி நாய்ஸ் (படத்துல வர்ற புள்ளி புள்ளியான இரைச்சல்) வரணும்னா ஃபுல் ஃபிரேம்ல ஐஎஸ்ஓ (வெளிச்சத்த எவ்வளவு தூக்கிக் காட்டணும்ங்கற அளவு) 6400ல எடுக்குறத மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்ல 1600ல எடுக்க வேண்டி வரும்னு வச்சுக்கோங்க. இத யாரும் மறைக்க முடியாது, பிசிக்ஸ். ஆனா சின்ன சென்சார்னா மொத்த கிட்டும் பாதி வெயிட்டுன்னு ஒரு பேச்சு ஓடுதே, அது எல்லா இடத்துலயும் உண்மை இல்ல, அதத்தான் கொஞ்சம் நிதானமா பாக்கணும்.

கணக்கு போட்டுப் பாருங்க. ஃபுல் ஃபிரேம் சோனி ஏ7சி 2 பேட்டரி கார்டோட 514 கிராம், அதுல டாம்ரான் 28-200 எஃப்/2.8-5.6 லென்ஸ் (எஃப் நம்பர் சின்னதா இருந்தா வெளிச்சம் அதிகமா உள்ள வரும்) 575 கிராம், மொத்தம் 1089. இந்தப் பக்கம் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்ல ஓஎம் சிஸ்டம் கம்பெனியோட ஓஎம்-5 414 கிராம், அதோட 12-100 எஃப்/4 ப்ரோ லென்ஸ் (சின்ன சென்சார்ங்கறதால ஃபுல் ஃபிரேம் கணக்குல 24-200) 561, மொத்தம் 975. ரெண்டுமே ஒரே லென்ஸ்ல ஊர் சுத்துற செட்டப், வித்தியாசம் வெறும் 114 கிராம்! இதுல சோனி செட்டப் 200 மிமீல எஃப்/5.6, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்ல எஃப்/4ங்கறது வெளிச்சத்துக்கும் பின்னணி மங்கலுக்கும் ஃபுல் ஃபிரேம் எஃப்/8க்கு சமம், ஆக தூரத்த எடுக்குற டெலி முனையில சோனி ஒரு ஸ்டாப் முன்னாடி நிக்குது, அகலமா எடுக்குற வைடு பக்கம் வந்தா வித்தியாசம் இன்னும் பெருசு. அது பத்தாதுன்னு 33 மெகாபிக்சல்ங்கறதால கிராப் மோடுக்கு (சென்சாரோட நடுப்பகுதிய மட்டும் எடுக்குறது) போனா 300 மிமீ மாதிரி வரும், அப்பவும் 14 மெகாபிக்சல் மிஞ்சும். ஆக ஒரே ஜூம் லென்ஸோட போறவங்களுக்கு வெயிட்ட மட்டும் காரணமாச் சொல்லி சின்ன சென்சாருக்குத் தள்ளுறது நியாயமில்ல.

சரி, அப்ப மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் எதுக்குன்னா, மூணு காரணம் இருக்கு. 12-100 வைடு பக்கம் 24ல ஆரம்பிக்குது, டாம்ரான் 28. நாலு மிமீதானேன்னு தோணும், ஒடுங்கின சந்துல பின்னாடி சுவத்துல முதுகு இடிச்சுட்டு நிக்கும்போதுதான் அதோட அரும தெரியும். ரெண்டாவது ஸ்டெபிலைசேஷன், அதாவது கை நடுக்கத்த சரி பண்றது. ஓஎம்-5 பாடியும் 12-100 லென்ஸும் சேந்து வேலை செஞ்சா 7.5 ஸ்டாப் வரைக்கும்னு கம்பெனி கணக்கு, டிரைபாட் விடாத தேவாலயம், மியூசியத்துக்குள்ள அரை செகண்ட் ஒரு செகண்ட் கையில புடிச்சே எடுக்கலாம். அசையாத விஷயம்னா அந்த ரெண்டு ஸ்டாப் நஷ்டத்த இதுலயே ஈடு கட்டிடலாம், மனுஷங்க அசைஞ்சா மட்டும் முடியாது. மூணாவது சீலிங். ஓஎம்-5க்கு ஐபி53 ரேட்டிங் (தூசி, தண்ணிய எவ்வளவு தாங்கும்ங்கற அளவு) இருக்கு, சோனிக்காரங்க தூசி ஈரம் தாங்குற மாதிரி செஞ்சிருக்கோம்னு சொல்றதோட நிறுத்திக்கிறாங்க, ரேட்டிங் நம்பர் எதுவும் குடுக்கல. தென் அமெரிக்காவோட படகோனியா மழையிலயும் அருவிச் சாரல்லயும் நடக்கப்போறவங்களுக்கு அந்த நம்பர் ஒரு தைரியம்.

தூரம் கூடக் கூடத்தான் சின்ன சென்சாரோட நெஜமான பலம் வெளிய வருது. தான்சானியாவோட செரெங்கெட்டி சஃபாரில வண்டிய விட்டு இறங்க முடியாது, தூரத்து மரத்துல படுத்திருக்குற சிறுத்தைக்கு 200 மிமீல ஒரு புள்ளிதான் கிடைக்கும். ஃபுல் ஃபிரேம்ல 400 மிமீ வேணும்னா டாம்ரான் 50-400 1155 கிராம், சோனி 100-400 ஜிமாஸ்டர் 1395 கிராம், பாடியயும் 24-105 லென்ஸயும் சேத்தா இந்த ஜிமாஸ்டரோட மொத்தம் ரெண்டரை கிலோவத் தாண்டிடும், ரெண்டு கிலோ பட்ஜெட் காலி. அதே ஓஎம்-5, 12-100, கூட ஒரு 75-300 லென்ஸ் 423 கிராம், மொத்தம் 1398தான், 600 மிமீக்கு சமமான ரீச்! அந்த 75-300க்கு சீலிங் இல்ல, 300 முனையில எஃப்/6.7, காலை வெயில் நல்லா ஏறுற வரைக்கும் திணறும், இதத் தெரிஞ்சுக்கிட்டே வாங்கணும். ஆனா ஒரு வருஷப் பயணத்துல சஃபாரி பத்து நாள்னா அந்தப் பத்து நாளுக்காக மீதி நாளெல்லாம் ரெண்டரை கிலோ சுமக்குறது எனக்கு ஏத்துக்க முடியல.

ஏபிஎஸ்-சி ரெண்டுக்கும் நடுவுல. ஃபியூஜி எக்ஸ்-டி5 557 கிராம், 16-80 எஃப்/4 440, 70-300 580, மொத்தம் 1577, அதுல ஃபுல் ஃபிரேம் கணக்குல 24ல இருந்து 450 வரைக்கும் கவர் ஆயிடுது, பாடியும் ரெண்டு லென்ஸும் வெதர் சீல். ரெண்டு கார்டு ஸ்லாட் இருக்கு, ஏ7சி 2லயும் ஓஎம்-5லயும் ஒண்ணுதான், ஒரு கார்டு செத்தா அன்னைக்கு எடுத்தது போச்சு. கலர் கேமராவுலயே அழகா வர்றதால, ராத்திரி ஹாஸ்டல்ல லேப்டாப்போட உக்காந்து எடிட் பண்ண நேரமோ மனசோ இல்லாதவங்களுக்கு ஃபியூஜிதான் சரி. ஆனா 40 மெகாபிக்சல், ரா ஃபைல் (கேமரா எதுவும் மாத்தாத அசல் ஃபைல்) குண்டா வரும், 20 மெகாபிக்சல் ஓஎம்-5 விட ஸ்டோரேஜ் சுமார் ரெண்டு மடங்கு சாப்பிடும், ஒரு வருஷத்துக்கு யோசிச்சுப் பாருங்க.

எதை எடுத்தாலும் ராத்திரிக்குன்னு குட்டியா ஒரு ப்ரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) கூடப் போட்டுக்கோங்க. ஒலிம்பஸ் 17 எஃப்/1.8 வெறும் 120 கிராம், ஃபியூஜி 23 எஃப்/2 180, சோனி 35 எஃப்/1.8 280. சாயங்காலம் பெரிய ஜூம ரூம்ல வச்சுட்டு இத மட்டும் மாட்டிட்டு வெளிய போனா கேமரா வச்சிருக்கீங்கன்னே யாருக்கும் தெரியாது.

லென்ஸ் மாத்துறதப் பத்தி ஒண்ணு. பாலைவனக் காத்துல லென்ஸ ஒரு தடவ கழட்டினா போதும், சென்சார்ல தூசி உக்காந்துடும், எஃப்/2.8ல தெரியாது, எஃப்/11ல வானத்த எடுத்து ஸ்கிரீன்ல பெருசாக்கிப் பாருங்க, நீல வானத்துல சாம்பக் கலர்ல சின்னச் சின்ன வட்டமா வந்து நிக்கும், படத்துக்குப் படம் அதே இடத்துல. அதனால தூசியான ஊருக்கு ஒரே ஜூம் செட்டப்தான் நல்லது, மாத்தியே ஆகணும்னா ரூமுக்குள்ள, பாடிய கீழ் நோக்கிப் புடிச்சு மாத்துங்க, ஒரு ரப்பர் ப்ளோயர் கட்டாயம். குளிர்ல இருந்து கதகதப்பான ரூமுக்கு வரும்போது கேமராவ வெளியவே ஒரு ஜிப் கவர்ல போட்டு மூடிட்டு உள்ள கொண்டு வாங்க, ஈரம் கவர் மேல படியும், கேமரா ரூம் சூட்டுக்கு வந்த அப்புறம் திறங்க. ஈரப்பதம் அதிகமான ஊர்ல வாரக்கணக்கா பையிலயே மூடி வச்சா லென்ஸ்ல ஃபங்கஸ் (பூஞ்சை) வரும், சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டு போட்டு வைங்க.

பேட்டரி மூணு போதும். பவர் பேங்க் 100 வாட்-அவருக்குள்ள இருக்கணும், 20,000 எம்ஏஎச்னா 74 வாட்-அவர்தான் வரும், பிரச்சன இல்ல. சார்ஜிங் போர்ட்டப் பாத்து வாங்குங்க, ஓஎம்-5ல இன்னும் பழைய மைக்ரோ யூஎஸ்பிதான், 2025ல வந்த ரெண்டாவது மாடல்லதான் யூஎஸ்பி-சிக்கு மாத்துனாங்க. ஒரே கேபிள்ல போன், கேமரா, பவர் பேங்க் எல்லாம் முடியுறது பயணத்துல பெரிய நிம்மதி.

பேக்கப்புக்கு ஹார்ட் டிஸ்க் வேண்டாம், எஸ்எஸ்டி ரெண்டு. காரணம் கீழ விழுந்தா உடையும்ங்கறது மட்டும் இல்ல. ஹார்ட் டிஸ்க்ல தகவல் படிக்கிற ஹெட்டு காத்து மேல மிதந்துதான் ஓடுது, காத்து மெலிஞ்ச உயரத்துல அது உள்ள சுத்துற தட்ட உரசலாம், அதனால சாதாரண டிஸ்குக்கு சுமார் 3,000 மீட்டர்தான் லிமிட்டுன்னு தயாரிக்கிறவங்களே போடுறாங்க. பொலிவியாவோட லா பாஸும் திபெத்தோட லாசாவும் 3,600 மீட்டருக்கு மேல. எஸ்எஸ்டில ஓடுற பாகமே இல்ல. ஒண்ணு பையில, ஒண்ணு உடம்போட, ரெண்டும் ஒரே பையில இருந்தா அது பேக்கப்பே இல்ல.

ட்ரோன் பத்தி ஒரு வரி, மொராக்கோ, எகிப்து மாதிரி நாடுகள்ல அனுமதி இல்லாம உள்ளயே கொண்டு போக முடியாது, ஏர்போர்ட்லயே வாங்கி வச்சிருவாங்க, பல நாடு சுத்துறவங்க 249 கிராம் குட்டி ட்ரோன்தானேன்னு பையில போட்டுக்காதீங்க. டிரைபாட் தேவையே இல்லங்கறது என் கருத்து, நட்சத்திரம் எடுக்குறவங்க மட்டும் சின்னதா ஒண்ணு.

எனக்கு எதுன்னு கேட்டா, மலையும் மிருகமும் ரூட்ல இருந்தா கண்ண மூடிட்டு ஓஎம்-5, 12-100, 17 ப்ரைம், சஃபாரி இருந்தா 75-300. ஊரும் மனுஷங்களும் ராத்திரியும்தான் முக்கியம்னா ஏ7சி 2, டாம்ரான் 28-200, 35 ப்ரைம். எடிட் பண்ணாம எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் வேணும்னா எக்ஸ்-டி5. ரெண்டரை கிலோ ஃபுல் ஃபிரேம் டெலி கிட்டு படம் எடுக்குறதே வேலையா இருக்கவங்களுக்கு மட்டும். எதுவா இருந்தாலும் கிளம்புறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே வாங்கிடுங்க, மெனு கைக்குப் பழகணும், லென்ஸ் ஒரு பக்கம் மட்டும் மங்கலா எடுத்தா வாங்கின இடத்துலயே மாத்திக்கவும் அப்பதான் நேரம் இருக்கும், சீரியல் நம்பரயும் பில்லயும் போட்டோ எடுத்து மெயில்ல போட்டு வைங்க, கஸ்டம்ஸ்லயும் இன்சூரன்ஸ்லயும் அதத்தான் கேப்பாங்க.