சங்கீத வகுப்புக்கு முக்கால் சைஸ் வயலின்: யாழ்ப்பாணம் ரவுணுக்குள் வாங்கிய செட் எப்படி?

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். வயலினின் உடம்பு நல்லது, வில் பரவாயில்லை, குதிரையை (தந்திகளைத் தாங்கி நிற்கும் சின்ன மரத் துண்டு) சீவத்தான் வேண்டும், தந்தியை மாற்றத்தான் வேண்டும், கடையில் சொன்ன சைஸ் பிழை. வாங்கலாமா என்றால் வாங்கலாம், ஆனால் கீழே எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

மகள் தரம் 6இல் அழகியல் பாடத்துக்குச் சங்கீதம் எடுத்தாள். பாடத்தில் வாய்ப்பாட்டுத்தான் பிரதானம், என்றாலும் விருப்பமான பிள்ளைகளுக்கு ரீச்சர் பின்னேரத்தில் வயலினும் சொல்லிக்கொடுக்கிறார், அதற்குச் சொந்த வாத்தியம் வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் ஒவ்வொரு யோசனை. வீணை எங்களுக்கு ஆசைதான், ஆனால் பத்து வயதுப் பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்குப் போக ஏலாது. கீபோர்ட் வாங்கிக் கொடுங்கள் என்று சொந்தக்காரர் ஒருவர் ஒற்றைக் காலில் நின்றார். கட்டைக்குக் கட்டை சுரம் நின்றுவிடும் வாத்தியத்தில் சுரத்தை அசைத்து இழுக்கிற கமகம் எப்படி வரும்? கர்நாடக சங்கீதம் படிக்கிற பிள்ளைக்கு அது சரிவராது. புல்லாங்குழல் மலிவு, ஆனால் நீளமான குழலில் சின்ன விரல்கள் துளைக்கு எட்டாது. அப்படித்தான் வயலினுக்கு வந்தோம்.

ரவுணுக்குள் வாத்தியம் விற்கும் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது சீனாவிலிருந்து வரும் செட்தான்: வயலின், வில், வில்லின் முடியில் தேய்க்கும் ரொசின், பெட்டி எல்லாம் ஒன்றாக. நாங்கள் போன கடையில் அண்ணை எடுத்த எடுப்பிலேயே முழு சைஸைத் தூக்கி வைத்தார். வளர்கிற பிள்ளை, இரண்டு வருஷத்தில் சரியாகிவிடும் என்றார். பாடசாலைச் சப்பாத்தை ஒரு சைஸ் கூட வாங்குவது போல வயலின் வாங்க முடியாது. எட்டாத விரலை எட்ட வைக்கப் பிள்ளை மணிக்கட்டை மடக்கிப் பிடிக்கும், அந்தப் பிடி பழகிவிட்டால் பிறகு எந்த ரீச்சர் வந்தும் திருத்துவது பெரும்பாடு. நம்மவர்கள் சம்மணமிட்டு இருந்து, வயலினின் தலைப் பக்கத்தை வலது கால் கணுக்காலடியில் ஊன்றி வாசிக்கிறபடியால் சைஸ் அவ்வளவு முக்கியமில்லை என்றும் சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தோளில் பாரம் குறைகிறது, சரி, ஆனால் இடது கை எட்ட வேண்டிய தூரம் குறைகிறதா? முழு வயலின் உடம்பு மட்டும் ஏறக்குறைய 356 மில்லிமீற்றர், முக்கால் 335 அளவில், அரை 310 அளவில். கழுத்தும் தந்தியும் அதே கணக்கில் நீளும். பிள்ளையின் கையை நேரே நீட்டச் சொல்லி, கழுத்தடியிலிருந்து உள்ளங்கை நடு வரை அளந்து பாருங்கள். 23 அங்குலமோ கூடவோ என்றால் முழு சைஸ், 22 அளவில் முக்கால், 20 அளவில் அரை. நான் வீட்டிலேயே தையல் ரேப்பால் அளந்துகொண்டு போயிருந்தேன், அதனால் கடையில் கதைக்க இலகுவாக இருந்தது. கடைசியில் அண்ணை உள்ளேயிருந்து முக்கால் ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். இருந்தும் முதலில் காட்டவில்லை, அது எனக்குப் பிடிக்கவில்லை.

இனி சாமானைப் பற்றி. மேல்பலகை ஒட்டுப்பலகையா முழு மரமா என்று எஃப் வடிவத் துளையின் ஓரத்தைப் பார்த்தால் ஓரளவு தெரியும். ஒட்டுப்பலகை என்றால் அடுக்கடுக்காகக் கோடு தெரியும், முழு மரத்தில் மேலே ஓடும் மர ரேகை அப்படியே ஓரத்திலும் இறங்கும். எங்களுடையது முழு மரம், கழுத்தும் நேராக இருந்தது. விரல் வைக்கும் பலகைதான் மனக்குறை. வெள்ளை மரத்துக்குக் கறுப்புச் சாயம் அடித்திருக்கிறார்கள், நம் வெயிலில் வியர்க்கும் விரலில் அந்தக் கறுப்பு ஒட்டுகிறது. வாசிப்புக்கு அது தடையில்லை, பாடசாலை வெள்ளைச் சட்டைக்குத்தான் கவனம் வேண்டும்.

குதிரையைச் சீவ வேண்டும் என்றேன் அல்லவா, ஏன் என்று சொல்கிறேன். செட்டோடு வரும் குதிரையைத் தொழிற்சாலையில் வெட்டியபடியே கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். அதன் இரண்டு காலும் மேல்பலகையில் இடைவெளி இல்லாமல் படிய வேண்டும், உயரமும் அந்த வயலினுக்கு ஏற்றபடி சீவப்பட வேண்டும். எங்களுடையதில் ஒரு காலுக்குக் கீழே கடதாசி நுழைகிற இடைவெளி. உயரமோ, தந்தியை அழுத்தினால் பெரியவர்களுக்கே விரல் நோகும். இப்படி ஒரு வயலினைக் கையில் கொடுத்துவிட்டுப் பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்று சொல்வது பெரிய அநியாயம். விரல் நொந்தால் யார்தான் சாதகம் செய்வார்கள்? இணுவில் பக்கம் வாத்தியம் திருத்தும் ஐயா ஒருவரிடம் கொண்டுபோனோம். ஆறுதலாக இருந்து குதிரையைச் சீவிப் படிய வைத்து, தந்தியை முறுக்கும் பிரடைகளையும் பார்த்துத் தந்தார். அதன் பிறகு அது வேறு வயலின். வாங்கும்போதே இந்தச் செலவுக்கும் சேர்த்துக் காசு ஒதுக்கி வையுங்கள்.

தந்தியையும் மாற்றினோம். செட்டில் வந்த கம்பி கீச்சென்று கத்தியது, டடாரியோ பிரெலூட் என்ற தந்தி போட்ட பிறகு சத்தம் உருண்டு வருகிறது. முக்கால் வயலினுக்கு முக்கால் சைஸ் தந்தியே கேட்டு வாங்க வேண்டும். மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள், நாலையும் ஒன்றாகக் கழற்றினால் குதிரை விழும், உள்ளே மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவில் நிற்கிற சின்னக் கட்டையும் சரியக்கூடும், அதைத் திரும்ப நிறுத்துவது நம் கையால் ஆகிற வேலை இல்லை.

சுருதியையும் வாங்க முதல் ரீச்சரிடம் கேட்டுவிடுங்கள். நம் முறையில் ச-ப-ச-ப என்று கூட்டுகிறோம். வகுப்பில் பிள்ளைகள் 5 கட்டைச் சுருதியில் (G) பாடுகிறார்கள் என்றால் கீழ் இரண்டு தந்தியும் இருந்த இடத்திலேயே நிற்கும், மேல் இரண்டை மட்டும் ஒவ்வொரு சுரம் இறக்கினால் போதும். 2 கட்டைக்கு (D) இறக்கினால் சின்ன வயலினில் தந்தி தளர்ந்து அதிரத் தொடங்கிவிடும். அந்த அதிர்வைக் கேட்டு வயலின் கூடாது என்று முடிவெடுத்துவிடாதீர்கள்.

வில் நேராக இருக்கிறது, அது போதும். புது வில்லின் முடியில் ரொசின் இருக்காது, அதனால் கடையில் இழுத்துப் பார்த்தால் சத்தமே வராது, அது பழுது இல்லை. நன்றாக ரொசின் தேய்த்த பிறகு பாருங்கள். வாசித்து முடிந்ததும் வில்லின் திருகைத் தளர்த்தி வைக்கவும், முடியைக் கையால் தொடாமல் இருக்கவும் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும், அதுவும் தலைக்கு எண்ணெய் வைத்த கையால் தொட்டால் அந்த இடத்தில் ரொசின் பிடிக்காது.

பிரடை ஒரு தொடர் வேலை. சோளகக் காற்று அடிக்கிற காலத்தில் மரம் காய்ந்து வழுக்கும், மாரியில் ஊறி இறுகும். வழுக்கினால் கொஞ்சம் வெண்கட்டித் தூள் போடலாம். நாலு தந்திக்கும் கீழ்ப்பக்கம் சின்னத் திருகு இருக்கிற வயலினாகப் பார்த்து வாங்குங்கள், எங்களுடையதில் இருக்கிறது, மகள் இப்போது அதை வைத்துத் தானே சுருதி சேர்க்கிறாள்.

விலையை எழுதவில்லை, 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இறக்குமதிச் சாமான் விலை நிலையாக நிற்பதில்லை, போகிற கிழமை இரண்டு மூன்று கடையில் விசாரியுங்கள். பழைய முக்கால் வயலின் கிடைத்தால் இன்னும் நல்லது. வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வளர்ந்து முழு சைஸுக்கு மாறும்போது சின்னது வீட்டில் சும்மா கிடக்கும், ரீச்சர்மாருக்கு அது யாரிடம் என்று தெரியும். வாங்க முதல் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆற்றுகை, காண்பியக் கலைகள் பீடத்தில் வயலின் படிக்கும் பிள்ளைகள் அயலில் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

மகள் முழு சைஸுக்கு வரும்போது அதே கடைக்குத்தான் போவேன், சாமானைத் திறந்து பார்க்கவும் வாசித்துப் பார்க்கவும் அண்ணை முகம் சுளிக்கவில்லை. ஆனால் அடுத்த முறை செட்டாக வேண்டாம், வயலினைத் தனியாகவும் வில்லைத் தனியாகவும் கேட்பேன்.