கே.எல். சென்ட்ரல் – பட்டர்வொர்த் மின்ரயில்: பழைய டீசல் மெக்கானிக்கின் பார்வையில்

முப்பது வருஷம் கிள்ளானில் லோரி இஞ்சின்களைப் பிரித்துப் பூட்டியவன் நான். ஒரு வண்டி நல்லதா கெட்டதா என்று காதை வைத்தே சொல்லிவிடுவேன். போன வாரம் பிறையில் மச்சான் வீட்டு விசேஷத்துக்குப் பேரனோடு இ.டி.எஸ். என்ற மின்ரயிலில் ஏறியபோது அந்தக் காதுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. பிளாட்பாரத் தூண் பின்னால் நகர்ந்த பிறகுதான் வண்டி கிளம்பியதே தெரிந்தது.

"தாத்தா, இஞ்சின் எங்க?" என்றான் பேரன். தனி இஞ்சின் கிடையாது, மோட்டார்களெல்லாம் பெட்டிகளுக்கு அடியில். மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். மணிக்கு 140 கிலோமீட்டர் வரை ஓடும். முன்பு இரவில் ஏறி விடிந்து இறங்கிய தூரத்தை இப்போது நாலு மணி நேரத்தை ஒட்டி முடித்துவிடுகிறார்கள்.

வழியில் ஏசி இரைச்சல் சட்டென்று அடங்கி, சில நொடியில் திரும்ப வந்தது. வண்டி பழுதாகிவிட்டதென்று பேரன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கம்பிக்கு ஒரே இடத்திலிருந்து கரண்ட் வருவதில்லை. ஒரு சப்ஸ்டேஷனின் எல்லை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் கரண்ட் இல்லாத துண்டு ஒன்று விட்டிருப்பார்கள். ஓடி வந்த வேகத்திலேயே வண்டி அதைத் தாண்டிவிடும். சைக்கிளில் மிதிக்காமல் போவோமே, அதுபோல.

தைப்பிங்குக்கு முன்னால் பெராப்பிட் சுரங்கம், மூன்று கிலோமீட்டருக்கும் மேல். டீசல் வண்டிக் காலத்தில் குகை வந்தாலே ஜன்னலை இழுத்துச் சாத்துவோம். இந்தத் தடவை மூக்கைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டு நாசி லெமாக் வாசனைதான் வந்தது. அதற்காகப் புகையே ஒழிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியும் எரிவாயுவும் எரித்து வருவதுதானே.

ஜெர்மனியில் 2018-லேயே ஹைட்ரஜன் ரயில் ஓடியதே, இங்கே ஏன் இல்லை என்றான் பேரன். பள்ளியில் படித்திருக்கிறான். கரண்டைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து, வந்த வாயுவை அமுக்கி டாங்கியில் அடைத்து, வண்டிக்குள் திரும்பக் கரண்டாக்கினால், போட்டதில் மூன்றில் ஒரு பங்கு தேறினாலே பெரிது. கம்பி இருக்கும் பாதையில் அது காசைக் கரியாக்கும் வேலை. கிம்மாஸிலிருந்து தும்பாட்டுக்குக் காட்டுக்குள் போகும் பாதை வேறு கதை. அங்கே வண்டிகள் குறைவு, இன்னும் டீசல்தான். அவ்வளவு தூரத்துக்கும் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது. ஹைட்ரஜனோ பேட்டரியோ, முயன்று பார்ப்பதானால் அங்கே பார்க்கலாம்.

குளிர்சட்டை எடுத்துப் போகாதது என் தப்பு. ஈப்போவிலிருந்து பேரனின் பையைக் கட்டிப்பிடித்தபடி வந்தேன். அப்புறம், தைப்பூசத்துக்குப் பினாங்கு போகிறவர்கள் டிக்கெட் திறந்த அன்றே எடுத்துவிடுங்கள்.