நான்கு டீசல் ஃபில்டர், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்

என் டீசல் கார் இப்போது 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கையேட்டில் போட்டபடி 20,000க்கு ஒருமுறை டீசல் ஃபில்டரை மாற்றுகிறேன். கடைசி நான்கையும் சென்னை வேளச்சேரி வீட்டில், கார் நிறுத்தும் இடத்திலேயே நானே மாற்றினேன். காசு மிச்சமாகும் என்றுதான் 2019இல் இறங்கினேன். மிச்சமானது என்னவோ கூலி மட்டும்தான், அதையும் முதல் தடவை மெக்கானிக்கிடமே கொடுத்துவிட்டேன்.

கழற்றுவது பெரிய வேலையில்லை. அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி டீசலை வடித்து, கிண்ணத்தைத் திருகி எடுத்து, பழைய ஃபில்டரை உருவிவிட்டுப் புதியதைச் செருக வேண்டும், அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் முடித்துவிட்ட தெனாவட்டில் சாவியைத் திருப்பினேன். செல்ஃப் சுற்றியது, வண்டி கிளம்பவில்லை. மறுபடி, மறுபடி. கடைசியில் பேட்டரியும் படுத்துவிட்டது. வந்த மெக்கானிக் அண்ணன் ஃபில்டர் தலையில் இருந்த ரப்பர் பம்பைக் கையால் அமுக்கிக்கொண்டே இருந்தார். "உள்ள காத்து சார். இது கல்லு மாதிரி ஆகுற வரைக்கும் சாவியைத் தொடாதீங்க" என்றார். நாற்பது ஐம்பது அமுக்கு இருக்கும். அப்புறம் ஒரே செல்ஃப்.

அன்றிலிருந்து அமுக்குவதில் நான் அவசரப்படுவதில்லை. ஆனால் மூன்றாவது முறை வேறு விதமாக மாட்டிக்கொண்டேன். மாற்றிய அன்று ஒரு குறையும் இல்லை. மறுநாள் காலையிலிருந்து மட்டும் நீளமாக செல்ஃப் அடித்தால்தான் கிளம்பும், மாலையில் சாதாரணமாக இருக்கும். தரையில் ஒரு சொட்டு டீசல் கிடையாது. என் வண்டியில் டேங்கிலிருந்து ஃபில்டர் வழியாக டீசலை எஞ்சின் பக்கத்து பம்ப் உறிஞ்சுகிறது. அந்தப் பாதையில் ஓட்டை இருந்தால் எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். ராத்திரி நிற்கும்போது அந்தக் காற்று இடம் பிடிக்க, டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். சந்தேகத்தைத் தீர்க்க ஃபில்டருக்கு அடுத்த ஹோஸில் கண்ணாடி போன்ற டியூப் ஒரு துண்டு கோத்துப் பார்த்தேன். சோடா மாதிரி வரிசையாகக் குமிழ்! கிண்ணத்தைத் திறந்தால், காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் ஒரு பக்கம் நசுங்கிப் போயிருந்தது. வண்டி உதிரி பாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் பாதி விலைக்குக் கிடைத்த ஃபில்டரோடு வந்த ஓ-ரிங் அது. கடையைக் குறை சொல்லிப் பயனில்லை, விலையைப் பார்த்ததும் வாயைப் பிளந்தது நான்தான். இப்போது ஒரிஜினல்தான் வாங்குகிறேன். ஓ-ரிங்கில் டீசலைத் தடவி, கையாலேயே திருகி உட்காரவைத்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்கிறேன்.

ஹார்லிக்ஸ் பாட்டில் கதைக்கு வருகிறேன். 2024 அக்டோபர் மழைக்கு, வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் காரைக் கொண்டுபோய் நிறுத்தியவர்களில் நானும் ஒருவன். கார் நனையாமல் தப்பியது. ஆனால் சில நாள் கழித்து ஒரு பங்க்கில் டீசல் போட்டுக்கொண்டு வந்த மறுநாளே, தண்ணீர் இருப்பதைச் சொல்லும் விளக்கு டேஷ்போர்டில் எரிந்தது. ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்திப் பாட்டிலில் பிடித்து, பத்து நிமிடம் அசையாமல் வைத்தேன். மேலே பொன்னிறமாக டீசல், கீழே இரண்டு விரற்கடைக்குக் கலங்கிய தண்ணீர். நடுவில் கோடு போட்ட மாதிரிப் பிரிந்து நின்றது. டீசலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் கிண்ணத்தின் அடியில் போய்த் தங்குகிறது. அங்கே வடிக்காமல் விட்டால் அது அடுத்துப் போவது உயர் அழுத்த பம்புக்கும், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கும். அந்தச் செலவை நினைத்தால் ஃபில்டர் விலை சுண்டைக்காய்.

இப்போதெல்லாம் மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை வடித்துப் பார்த்துவிடுகிறேன். டேங்கைப் பாதிக்குக் கீழே இறங்கவும் விடுவதில்லை, காலியிடத்துக் காற்றின் ஈரமே தண்ணீராகப் படியும்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். எஞ்சின் ஆறிய பிறகு தொடுங்கள், இன்ஜெக்டர் பக்கம் போகும் இரும்புக் குழாய்களின் நட்டில் கை வைக்கவே வேண்டாம். பெட்ரோல் கார் என்றால் நான் இறங்கமாட்டேன். இப்போது பல வண்டிகளில் ஃபில்டர் டேங்குக்குள் பம்போடு சேர்ந்தே இருக்கிறது, பெட்ரோல் ஆவி வேறு. கையில் ஒட்டும் டீசல் நாற்றத்துக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு சோப்பு போடுங்கள், நேராக சோப்பு போட்டால் போகாது.

வடித்த டீசலைச் சாக்கடையில் ஊற்றாமல் அதே மெக்கானிக் அண்ணனிடம் கொடுத்துவிடுவேன், பார்ட்ஸ் கழுவ வைத்துக்கொள்வார். போன மாதம் நான்காவது ஃபில்டர் மாற்றிவிட்டுப் பாட்டிலோடு போனேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தண்ணியே காணோமே சார், பங்க்கை மாத்திட்டீங்களா?"